தறி ஓடாத சனிக்கிழமை

சங்கரன்கோவில்
16.3.2025

அன்புத் தம்பி சௌந்தரபாண்டியனுக்கு அக்கா சீனியம்மாள் எழுதிக்கொண்டது. இங்கே நான் சுகமாகத்தான் இருக்கிறேன். அங்கே உன் உடம்பு எப்படி இருக்கிறது, சோறு தொண்டையில் இறங்குகிறதா என்பதை முதலில் எழுது.

போனில் பேசலாமே என்று சொல்லி அனுப்பினாயாம். பேசலாம். நீ அங்கே கத்துவாய், நான் இங்கே ‘என்னது, என்னது’ என்பேன், கொடுத்த நேரம் முடிந்துவிடும். முப்பது வருஷம் விசைத்தறிக்குப் பக்கத்தில் நின்றதில் என் காது பாதிக்கு மேல் போய்விட்டது உனக்குத் தெரியாததா? போன வாரம் மனுப் போட்டுப் பார்க்க வந்தபோதும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உன் வாய் அசைவதைத்தான் பார்த்துவிட்டு வந்தேன். அப்பா என்னை எட்டாம் வகுப்பு வரை படிக்க வைத்தார். அந்தப் படிப்புக்கு இப்போதுதான் வேலை வந்திருக்கிறது.

தீர்ப்பு நாளில் நீ திரும்பிப் பார்த்தபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அழுகையை மறைக்கத்தான். ஜட்ஜ் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற போலீஸ்காரப் பெண் ஐந்து விரலைக் காட்டினாள். ஐந்து மாதமா என்று கேட்டேன். தலையை ஆட்டி ‘வருஷம்’ என்றாள்.

அப்பீலுக்கு பிரின்ஸ் வக்கீலைப் பிடித்திருக்கிறேன். “பயப்படாதீங்க அக்கா, பாத்துக்கிடுவோம்” என்றார். நாலு தறியில் இரண்டைத்தான் ஓட்டுகிறேன். உன் பெண்டாட்டி பேச்சியும் மகள் அனுவும் கரிவலத்தில் பேச்சியின் அம்மா வீட்டில் இருக்கிறார்கள். அனுவுக்கு முழுப் பரீட்சை வருகிறது.

உன் மேல் உயிரை வைத்திருக்கும்,
அக்கா சீனியம்மாள்


பாளையங்கோட்டை
29.3.2025

மரியாதைக்குரிய அக்காவுக்குத் தம்பி வணக்கம். சோறு இறங்குகிறது. இறங்காமல் என்ன செய்யும். உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது?

இங்கே வரும் கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கையில் தருவார்கள். கண்டதையும் எழுதாதே.

வக்கீல் வந்து பார்த்தார். கெட்டிக்காரர்தான். தீர்ப்பை வரிவரியாகப் படித்திருக்கிறார். அவர் சொன்னதை உனக்குப் புரியும்படி எழுதுகிறேன். நான் இரும்புக் கம்பியால் அடித்துத் தாடையை உடைத்தேன் என்று அவள் சொன்னாள். மச்சுப் படியில் தவறி விழுந்தாள் என்று நாம் சொன்னோம். பெண்டாட்டி பகையில் சொல்கிறாள் என்று வாதாடிவிடலாம். ஆனால் வெளியாள் சாட்சி ஒன்று இருக்கிறதே, ஷீலா டீச்சர். மூன்றாவது வீட்டில் இருந்தபோது அலறல் கேட்டு ஓடி வந்து கதவைத் தட்டினேன் என்று அந்த அம்மா சொன்னதை நம்பித்தான் ஜட்ஜ் தண்டித்திருக்கிறார்.

இப்போது வக்கீல் கேட்கிறார். நம் வீட்டில் நாலு தறி, எதிர்வீட்டில் ஆறு, தெரு முழுக்கச் சேர்த்தால் நாற்பது. பகல் பதினோரு மணிக்கு அத்தனையும் ஓடும்போது மூன்றாவது வீட்டுக்கு எப்படி அலறல் கேட்கும்? வாசலில் நின்று கூப்பிட்டாலே கேட்காதே. நீயும் சாட்சிக் கூண்டில் ‘தறி ஓடுச்சு’ என்று சொல்லியிருக்கிறாய். அப்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதையே விவரமாக ஒரு பிரமாணப் பத்திரமாகக் கொடுத்தால் டீச்சர் சொன்னது பொய் என்று ஆகிவிடும், கேஸ் உடைந்துவிடும் என்கிறார். பத்திரத்தைக் கொண்டுவருவார். கையெழுத்துப் போட்டுக் கொடு. புதிதாக ஒன்றும் சொல்ல வேண்டாம். முன்பு சொன்னதைத்தான் சொல்லப்போகிறாய்.

அவளைப் பற்றி இனி எழுதாதே. அனு பரீட்சை எப்படி எழுதினாள் என்று எழுது.

உன் தம்பி,
சௌந்தரபாண்டியன்


சங்கரன்கோவில்
24.4.2025

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. மூட்டுவலி வெயிலுக்குக் கொஞ்சம் தேவலை. அங்கே புழுக்கம் எப்படி? முதுகில் வேர்க்குரு வந்தால் சொறியாதே, புண்ணாகிவிடும்.

அனு நன்றாக எழுதியிருக்கிறாளாம். கணக்குதான் இழுபறி என்று சொன்னாள். அது உன்னிடமிருந்து வந்தது.

வக்கீல் வந்தார். பத்திரத்தைத் தந்தார். “சம்பவ தினத்தன்று காலை எட்டு மணி முதல் என் வீட்டிலும் தெருவிலும் விசைத்தறிகள் இடைவிடாமல் ஓடிக்கொண்டிருந்தன என்று உறுதிகூறுகிறேன்” என்று ஒரு வரி இருக்கிறது. மற்றதெல்லாம் என் பெயரும் விலாசமும்தான். கண்ணாடி இல்லாமல் எழுத்து சரியாகத் தெரியவில்லை, படித்துப் பார்த்துப் போடுகிறேன் என்று வாங்கி வைத்திருக்கிறேன். சீக்கிரம் போட்டு அனுப்பிவிடுகிறேன்.

மாவடு போட்டேன். நீ இல்லாமல் தொடப் பிடிக்கவில்லை.

அக்கா


பாளையங்கோட்டை
6.5.2025

அக்காவுக்கு வணக்கம். உடம்புக்கு ஒன்றுமில்லை.

வக்கீல் நேற்று வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டே ‘கண்ணாடி இல்லை’ என்று அவரிடம் சொன்னாயாம். அவருக்குச் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு கையெழுத்துக்கு எத்தனை நாள் வேண்டும்?

அப்பீல் முடியும் வரை என்னை ஜாமீனில் விடச் சொல்லிப் போட்ட மனு தள்ளுபடியாகிவிட்டது. காயம் பெரிது என்று காரணம் சொல்லிவிட்டார்கள். இனிமேல் அப்பீலில் ஜெயித்தால்தான் வெளியே வர முடியும். அப்பீலுக்கு உன் பத்திரம்தான் வேண்டும். வேறு வழி இல்லை என்று வக்கீலே சொல்லிவிட்டார்.

தம்பி


பாளையங்கோட்டை
2.6.2025

அக்காவுக்கு. போன மாதம் எழுதினேன், பதில் இல்லை. அதனால் மறுபடி எழுதுகிறேன். உனக்கு உடம்பு சரியில்லையா? யாரிடமாவது சொல்லி ஒரு வரி எழுதச் சொல்.

கோபமாக எழுதியது தப்பு. இங்கே எதைப் பார்த்தாலும் கோபம்தான் வருகிறது. அம்மா இறந்தபோது எனக்கு ஆறு வயது. நீதான் ஊட்டினாய். டைபாய்டு வந்தபோது பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குக் கீழே படுத்திருந்தாய். உன்னை விட்டால் எனக்குக் கேட்க ஆள் இல்லை அக்கா. எனக்காக ஒரு கையெழுத்துப் போட மாட்டாயா?

சௌந்தரபாண்டியன்


சங்கரன்கோவில்
15.6.2025

அன்புத் தம்பிக்கு. உடம்புக்குக் கேடு ஒன்றுமில்லை. எழுத உட்கார்ந்தேன், எழுதவில்லை, அவ்வளவுதான். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு.

ஷீலா டீச்சரைத் தெருக்குழாயில் பார்த்தேன். நான் குடத்தை எடுத்துக்கொண்டு வேகமாக நடந்தேன். அந்த அம்மாவே பின்னால் வந்து, “சீனியக்கா, அனுவுக்கு எட்டாப்புப் புஸ்தகம் பழசு என்கிட்ட இருக்கு, கொண்டுபோய்க் குடுக்கேளா” என்று கேட்டார். வாங்கிக்கொண்டேன். பொய் சொன்னாள் என்று நான் கையெழுத்துப் போட வேண்டிய ஆள்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அந்த ஆகஸ்டு இருபதாம் தேதி என்ன கிழமை என்று நினைவிருக்கிறதா? யோசித்து எழுது.

அக்கா


பாளையங்கோட்டை
28.6.2025

அக்காவுக்கு. நலம்.

கிழமையெல்லாம் எதற்கு? நாள் நட்சத்திரம் பார்த்தா கேஸ் போட்டார்கள்? மூன்று வருஷத்துக்கு முந்தின கிழமை எவனுக்கு நினைவிருக்கும். கோர்ட்டில் கேட்காததை நீயாகக் கிளறாதே. கேட்டதற்கு மட்டும் பதில் சொல், போதும்.

அப்பீல் அக்டோபரில் விசாரணைக்கு வருமாம். பத்திரம் அதற்குள் போக வேண்டும். நான் இங்கேயே கிடக்க வேண்டும் என்று நீ நினைத்தால் அதையும் எழுதிவிடு. தெரிந்துகொள்கிறேன்.

சௌந்தரபாண்டியன்


சங்கரன்கோவில்
12.8.2025

தம்பி சௌந்தரபாண்டியனுக்கு அக்கா எழுதுவது. உன் உடம்பு நன்றாக இருக்க வேண்டும். நான் ஒன்றரை மாதம் எழுதாமல் இருந்ததற்கு என் உடம்பு காரணமில்லை. ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம் இப்போதுதான் வடிந்திருக்கிறது. தெரு கொஞ்சம் அடங்கியதும் பேப்பரை எடுத்தேன். இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் படிக்கும் அதிகாரி ஐயாவும் படிக்கட்டும்.

தபசுக்கு முந்தின வாரம் கரிவலம் போயிருந்தேன். அவளைப் பற்றி எழுதாதே என்றாய். எழுதத்தான் போகிறேன்.

டீச்சர் தந்த புத்தகத்தைக் கொடுக்கப் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பையில் வக்கீல் பத்திரமும் இருந்தது. பேச்சியே ‘மன்னித்துவிட்டேன், சமாதானம்’ என்று ஒரு வார்த்தை கோர்ட்டில் சொல்லிவிட்டால் நான் அந்த வரியில் கையெழுத்துப் போட வேண்டாமே என்பதுதான் என் கணக்கு. பார்த்துக்கொள், அடிபட்டவளிடம் போய் எனக்காகக் கேட்கப் போயிருக்கிறேன்.

சாப்பிடச் சொன்னாள். எனக்கு வடித்த சோறு. அவள் தனக்குக் குழைய வைத்திருந்தாள். இப்போதும் ஒரு பக்கம்தான் மெல்ல முடிகிறதாம். சாப்பிட்ட பிறகு எழுந்து வந்து என் வலப்பக்கம் உட்கார்ந்தாள். எனக்குக் கேட்கிற காது அது என்பதை அவள் மறக்கவில்லை. நான் சமாதானப் பேச்சை ஆரம்பித்தேன். முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

“மதினி, அவுக சத்தம் போட ஆரம்பிச்சதும் நீங்க எந்திச்சுப் போயி தறியப் போடுவியள்லா. அவுக கைய ஓங்குததுக்குக்கூட எனக்கு அம்புட்டுப் பயம் இல்ல. தறி ஓடுத சத்தம் கேட்டாத்தான் வயித்தக் கலக்கும். இனும ஒருத்தரும் வரமாட்டாங்கன்னு தெரிஞ்சிரும்.”

கோபமாகச் சொல்லவில்லை தம்பி. அனுவின் தலையில் பேன் பார்த்துக்கொண்டே சொன்னாள். நான் பத்திரத்தைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. பஸ்ஸில் ஊர் வந்து சேரும் வரை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தேன்.

ஆமாம், போட்டேன். ஆறு வருஷம் போட்டேன். நீ குரலை உயர்த்தினால் நான் எழுந்துபோய் ஒரு தறியைப் போடுவேன். போதாவிட்டால் இன்னொன்றைப் போடுவேன். தெருவில் உன் மானம் போகக் கூடாது, அவள் மானம் போகக் கூடாது என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் என் மானம்தான். கரிவலத்துக்கு நாலு தடவை நடந்து நான் பார்த்து முடித்த கல்யாணம். ‘சீனியம்மா பார்த்துக் கட்டிவைத்த லட்சணம் இதுதானா’ என்று எவளும் கேட்டுவிடக் கூடாது. அதற்காக அவளை அலற விட்டேன்.

கிழமை கேட்டேனே, அது சனிக்கிழமை. மாதத்தில் ஒருநாள் லைன் வேலைக்காகக் காலை ஒன்பதிலிருந்து மதியம் இரண்டு மணி வரை ஊர் முழுக்கக் கரண்டை நிறுத்துவார்களே, அந்தச் சனிக்கிழமை. ஒரு தறியும் ஓடவில்லை. அதனால்தான் டீச்சருக்குக் கேட்டது. தெருவில் எல்லாருக்கும் கேட்டது. அவர் ஒருவர்தான் வந்தார்.

நீ கத்தியதும் நான் பழக்கத்தில் எழுந்துபோய் சுவிட்சைப் போட்டேன். ஓடவில்லை. அப்போதுதான் கரண்டு இல்லை என்பது உறைத்தது. கையை சுவிட்சிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். நீங்கள் இருந்த அறைக்குப் பத்தடி. டீச்சர் மூன்றாவது வீட்டிலிருந்து வந்தார். நான் பத்தடி போகவில்லை. இந்தச் செத்த காதுக்கே அன்று எல்லாம் கேட்டது.

கோர்ட்டில் ‘தறி ஓடுச்சா’ என்று கேட்டார்கள். ‘ஓடுச்சு’ என்று வாயில் வந்துவிட்டது. மச்சுப்படி என்றது யோசித்துச் சொன்ன பொய். இது யோசிக்காமல் வந்தது. நீ அடித்த நாளெல்லாம் ஓடியதே, அந்த ஒருநாள் ஓடாதது எனக்கு நினைவில் வரவில்லை. வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டபோதுதான் வந்தது.

பத்திரத்தைக் கையெழுத்துப் போடாமல் வக்கீலிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். படியில் விழவில்லை என்பதையும் சொன்னேன். பேனாவை மூடி வைத்தார். “கோர்ட்டுல பொய் சொன்னதுக்கு உங்க மேலயும் நடவடிக்கை வரலாம்க்கா, தெரியுமா?” என்றார். தெரியும் என்றேன். அப்போதுதான் தெரியும். இது தெரிந்த பிறகு அந்த வாதத்தை அவர் எடுக்க முடியாதாம். தண்டனையைக் குறைக்கச் சொல்லி மட்டும் கேட்கலாமாம். உன்னை வந்து பார்ப்பார்.

உன் அப்பீலை நான் கெடுத்துவிட்டேன். உன்னை வெளியே கொண்டுவர ஒரு வரி போதுமாக இருந்தது, அதை நான் எழுதவில்லை. என்னைத் திட்டு. அடித்தது நீ, அடிக்க வசதி செய்து கொடுத்தது நான். உனக்கு ஐந்து வருஷம் கிடைத்தது. எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

பதில் போடு. திட்டியாவது போடு.

அக்கா சீனியம்மாள்


சங்கரன்கோவில்
14.9.2025

தம்பிக்கு. ஒரு மாதமாகிவிட்டது. சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா? மனுப் போட்டு வந்தேன். நீ வர மறுத்துவிட்டதாகச் சொன்னார்கள். கொண்டுவந்த சட்டையை மட்டும் கொடுத்துவிட்டு வந்தேன். கிடைத்ததா?

டீச்சர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். “மத்த நாள்ல என்ன நடந்திருக்கும்னு அந்தச் சனிக்கிழமைதான் எனக்குப் புரிஞ்சது சீனியக்கா. ரெண்டு வீடு தள்ளி இருந்துக்கிட்டு இத்தன வருஷம் தெரியாமப் போச்சே” என்று அவர் அழுதார். நான் அழ வேண்டிய இடத்தில் அவர் அழுதார்.

ஒரு வரி எழுது.

அக்கா


பாளையங்கோட்டை
26.10.2025

அக்காவுக்கு வணக்கம். சட்டை கிடைத்தது. தோளில் கொஞ்சம் தொளதொள என்று இருக்கிறது. இளைத்திருக்கிறேன், வேறு நோய் இல்லை. நீ எப்படி இருக்கிறாய்?

இரண்டு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். ஒன்றில் உன்னைத் திட்டியிருந்தேன். இன்னொன்றில் உன்னை மன்னித்திருந்தேன். இரண்டும் படிக்க நன்றாக இல்லை.

பிரின்ஸ் வக்கீல் வந்தார். தண்டனையைக் குறைக்கச் சொல்லிக் கேட்போம், ‘கோபத்தில் நிதானம் இழந்து, தன்னை அறியாமல் செய்துவிட்டார்’ என்று எழுதுகிறேன், இரண்டு வருஷமாவது குறையும் என்றார். கையெழுத்துப் போட பேனாவைத் தந்தார். எனக்கு வெளியே வர வேண்டும் அக்கா. அந்த ஆசை ஒரு நாளும் குறையவில்லை. பேனாவை வாங்கினேன். அந்த வரியைப் படித்தேன். போட முடியவில்லை.

நான் நிதானம் இழக்கவில்லை. கிழமை எனக்கு நினைவிருந்தது. நீ கேட்டபோதே தெரியும். பேச்சி சொன்னதாக நீ எழுதியிருந்தாயே, தறி ஓடினால் அவளுக்கு வயிற்றைக் கலக்கும் என்று. நானும் அந்தச் சத்தத்துக்குத்தான் காத்திருப்பேன். திட்டிக்கொண்டே நிற்பேன், கையை ஓங்க மாட்டேன். தறி ஓடத் தொடங்கியதும்தான் ஓங்குவேன். அக்காவே போட்டுவிட்டாள், அப்படியென்றால் சரி என்று இருக்கும். தன்னை அறியாமல் செய்கிறவன் தறி ஓடும் வரை காத்திருப்பானா?

அன்று சனிக்கிழமை, கரண்டு இல்லை, எனக்குத் தெரியும். கம்பி கையில் இருந்தது. தெரு அமைதியாக இருந்ததால் தயங்கினேன். விட்டுவிட்டு வெளியே போயிருப்பேனோ என்று இப்போது தினமும் நினைக்கிறேன். அப்போது நீ சுவிட்சைப் போட்ட சத்தம் ‘டக்’கென்று கேட்டது. தறி ஓடவில்லை. எனக்கு அந்த ‘டக்’ போதுமாக இருந்தது.

உன் மேல் பழியைப் போட இதை எழுதவில்லை. அடித்த கை என்னுடையது. நீ மறைக்காமல் எழுதியதால் நானும் மறைக்க முடியவில்லை.

அப்பீலை வாபஸ் வாங்கச் சொல்லிவிட்டேன். அதற்கான மனுவில் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி
சௌந்தரபாண்டியன்